ஆதாரக் குறிப்பும் அரங்கநாதனாரும்

ஆராய்ச்சிக் கட்டுரை எழுதப் புகும் மாணாக்கர் அனைவரும் கடைசியில் வந்து சலித்து நிற்கும் இடம் ஒன்றுண்டு. சோதனைகள் முடிந்துவிட்டன, கணக்குகள் சரிபார்க்கப்பெற்றன, படங்களும் வரைந்தாயின. எஞ்சியிருப்பது கட்டுரையின் வாலாகத் தொங்கும் ஆதாரக் குறிப்புப் பட்டியல் ஒன்றே. ஆசிரியர் பெயரை அடுத்துக் காற்புள்ளி இடுவதா, முற்றுப்புள்ளி இடுவதா, ஆண்டைப் பிறைக்குறிக்குள் அடைப்பதா, சஞ்சிகையின் பெயரை முழுவதும் எழுதுவதா, சுருக்கி எழுதுவதா, தொகுதி எண்ணைத் தடித்த எழுத்தில் அமைப்பதா என்றிவ்வாறு ஒவ்வொரு சஞ்சிகையும் ஒவ்வொரு விதி கூறும். இஃது எழுத்தர் வேலை, அறிவாளிக்குரியதன்று என்று நாமும் பல்லாண்டு எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தை மாற்றியவை இரண்டு. ஒன்று நமக்கு நேர்ந்த அவமானம், மற்றொன்று ஒரு பெரியாரின் வாழ்க்கை. பின்னதைச் சொல்லவே எழுதுகோல் எடுத்தோமாயினும், முன்னதைச் சொல்லாமல் பின்னதன் அருமை விளங்காது.

நாம் இளைஞராயிருந்த காலத்தில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையைத் தியாகராய நகரில் ஒரு தட்டச்சு நிலையத்தில் கொடுத்து அடித்து வாங்கி, வெளிநாட்டுச் சஞ்சிகையொன்றுக்கு அனுப்பினோம். அதில் முப்பத்தெட்டு ஆதாரக் குறிப்புகள் இருந்தன. எண்ணிக்கையைக் கண்டு நாமே பெருமிதம் கொண்டோம். அவற்றுள் ஒன்று பழைய ஜெர்மானியக் கட்டுரை. அதனை நாம் கண்ணாற் கண்டதில்லை. வேறொருவர் தம் கட்டுரையிற் கொடுத்திருந்த பட்டியலிலிருந்து தொகுதி எண்ணையும் பக்க எண்ணையும் அப்படியே பெயர்த்தெழுதினோம். சில திங்கள் கழித்துக் கட்டுரை திரும்பி வந்தது. பரிசீலித்த அறிஞர், நாம் குறித்த தொகுதியில் அத்தகைய பக்கமே இல்லையென்று ஒரே வரியில் எழுதியிருந்தார். வெட்கி, அக்கட்டுரையைத் தேடப் புறப்பட்டோம். நூல் நிலையத்தில் மூன்று நாட்கள் கழிந்தன. அடுக்குகளுக்கிடையே எமக்காக ஏணி ஏறி இறங்கிய முதிய ஊழியரின் முகத்தை இன்றும் மறந்தோமில்லை. கடைசியில் அது வேறொரு தொகுதியில் அகப்பட்டது. அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு வாசித்துப் பார்த்தால், நாம் எக்கருத்தை அவ்வாசிரியர் தலையில் ஏற்றியிருந்தோமோ அக்கருத்தை அவர் மறுத்தன்றோ எழுதியிருந்தார்! நம் கட்டுரையின் ஒரு பகுதி முழுவதையும் நீக்க வேண்டியதாயிற்று. பிழையான பக்க எண் எழுத்தர் பிழையன்று, படியாததைப் படித்ததாகச் சொன்ன பொய்யின் வெளியடையாளம் அது என்று அன்று அறிந்தோம்.

அதன் பின்னரே சீர்காழி இராமாமிர்த அரங்கநாதனாரின் நூல்களை நாம் கருத்தூன்றிப் பயிலலானோம். எஸ். ஆர். ரங்கநாதன் என்னும் பெயர் நூலகத்துறையார் அனைவரும் அறிந்தது. ஆயினும் அவர் நூலகங்களுக்குச் செய்ததைப் பேசுவோர், ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவோருக்கு அவர் செய்ததைப் பேசுவது அரிது.

அவர் 1892-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் தஞ்சை ஜில்லாவிற் பிறந்தார். தந்தையார் இராமாமிர்த ஐயர் சிறிது நிலமுடையவர். இராமாயணத்தை ஊராருக்கு எடுத்துச் சொல்லும் வழக்கமுடையவர். மைந்தருக்கு ஆறு வயது நிரம்புமுன்னரோ நிரம்பிய அணித்தோ அவர் இளவயதிலேயே காலஞ்சென்றார். பிள்ளை சீர்காழி இந்து உயர்தரப் பள்ளியிற் பயின்று, சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையிற் சேர்ந்தார். அக்கலாசாலை அப்போது தாம்பரத்துக்குச் செல்லவில்லை. நகரின் வடபால் உயர்நீதிமன்றத்துக்கு அண்மையில் இருந்தது. 1913-இல் பி. ஏ. பட்டமும் 1916-இல் கணிதத்தில் எம். ஏ. பட்டமும் பெற்றார். ஆங்குக் கணிதப் பேராசிரியராயிருந்த எட்வர்டு ராஸ் என்பாரைத் தம் வாழ்நாள் முழுவதும் குருவாகக் கொண்டு போற்றினார். மிஷன் கலாசாலை ஒன்றின் மாணாக்கராகையால், நம் போன்ற கலாசாலைகளிற் பயில்வோருக்கு அவர் ஒருவகையில் உறவினரே. பின்னர்ச் சைதாப்பேட்டை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்று, மங்களூரிலும் கோயமுத்தூரிலும் கணிதம் கற்பித்து, 1921-இல் சென்னை இராஜதானிக் கலாசாலைக்கு வந்தார். இளமையில் அவருக்குப் பேச்சுத் திக்கும். அதனை முயன்று அடக்கியே நல்லாசிரியர் எனப் பெயரெடுத்தார்.

இத்தகையவர் நூலகராக விரும்பினார் என்று எண்ண வேண்டா. சென்னைச் சர்வகலாசாலை தனக்கு ஒரு நூலகர் வேண்டுமென விளம்பரம் செய்தபோது, நண்பர்கள் தூண்ட, ஊதியம் மிகுதியென்பதற்காகவே விண்ணப்பித்தார். நேர்முகத்துக்குச் சில நாட்கள் முன்னர்ப் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் நூலகம் பற்றிய கட்டுரையை வாசித்துக்கொண்டதே அவரது ஆயத்தம் என்பர். 1924-ஆம் ஆண்டு ஜனவரியில் பதவி ஏற்றார். பாடம் கேட்க வகுப்பு நிறைய மாணாக்கரைக் கண்டு பழகியவருக்கு, ஆளற்ற கூடத்தில் அலமாரிகளைப் பார்த்துக்கொண்டிருத்தல் சிறைவாசம் போலாயிற்று. கலாசாலைக்கே திரும்பிவிட விரும்பினார். இங்கிலாந்து சென்று நூலகப் பயிற்சி பெற்று வந்த பின்னரும் சலிப்புத் தீராவிடில் திரும்பலாம் என்று சமாதானம் சொல்லி அனுப்பினர்.

இலண்டனில் கிராய்டன் நகர நூலகராயிருந்த பெர்விக் ஸேயர்ஸ் என்பாரை அடுத்துப் பயின்றார். நூற்றுக்கு மேற்பட்ட நூலகங்களைச் சென்று கண்டார். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு முறை வழங்கக் கண்டு கணிதமனம் அமைதியுறவில்லை. ஒரு கடையில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டதும், சிலவகைத் துண்டுகளே பலவகை இயந்திரங்களாக இணைவதுபோல் சில கருத்துத் துண்டுகளை இணைத்து எப்பொருளையும் குறிக்கும் எண் அமைக்கலாமே என்று அவருக்குத் தோன்றிய வரலாறு பலரும் அறிந்தது; விரித்தல் வேண்டா. 1925-இல் திரும்பினார். கலாசாலைக்குத் திரும்பும் பேச்சை மீண்டும் எடுத்தாரல்லர். சர்வகலாசாலை நூலகத்தில் இருபது ஆண்டுக்காலம் விடுமுறையின்றி நாள்தோறும் உழைத்தார் என அவரை அறிந்தோர் எழுதியுள்ளனர்.

அவ்வுழைப்புக்கு நடுவே துன்பமும் நேர்ந்தது. 1928-ஆம் ஆண்டு நவம்பரில் அவர் மனைவியார் ருக்மிணி அம்மையார் திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயிற் குளத்தில் நேர்ந்த விபத்தில் உயிர் நீத்தார். அடுத்த ஆண்டில் சாரதா அம்மையாரை மணந்தார். மணநாளன்றே பிற்பகலில் நூலகத்துக்குப் பணி பார்க்க வந்துவிட்டார் என ஒரு செய்தி உண்டு. இதனைப் பாராட்டுவோர் பாராட்டுக. நாம் சாரதா அம்மையாரின் பொறுமையையே பாராட்டுகிறோம்.

1928-இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. 1931-இல் நூலக விஞ்ஞானத்தின் ஐந்து விதிகளை விளக்கும் அவரது நூலை அச்சங்கம் வெளியிட்டது. மயிலாப்பூரில் வாழ்ந்த ஸர் பி. எஸ். சிவசாமி ஐயர் அதற்கு முகவுரை அளித்தார். ஐந்தனுள் நான்காவது விதியே இங்கு நமக்குரியது. வாசகருடைய நேரத்தைக் காத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. கேட்பதற்கு எளிய இவ்விதியிலிருந்தே, ஒரு கட்டுரையின் ஈற்றில் நிற்கும் பட்டியல் எவ்வாறு அமைதல் வேண்டும் என்னும் விடை முழுவதையும் வருவித்துக்கொள்ளலாம்.

நூலகரின் மேசையில் அமர்ந்து பார்ப்போருக்கு ஆதாரக் குறிப்பு வேறு உருவில் தோன்றும். எழுதியவருக்கு அது கட்டுரையின் முடிவு. நூலகருக்கோ அது தேடலின் தொடக்கம். ஒரு துண்டுத் தாளைக் கையிலேந்தி வாசகர் வருகிறார். அதில் ஆசிரியர் பெயர் பாதி. சஞ்சிகையின் பெயர் இரண்டெழுத்து. ஆண்டு உண்டு, தொகுதி இல்லை. எழுதியவர் மிச்சப்படுத்திய அரை நிமிடத்துக்காக வாசகரும் நூலகரும் அரைநாள் இழக்கின்றனர். அதே குறிப்பை ஆயிரம் பேர் பின்பற்றினால் இழப்பு ஆயிரம் மடங்கு. அரங்கநாதனார் சென்னையில் வாசகருக்கு நேர்நின்று உதவும் பணியை ஒரு துறையாகவே வளர்த்தார், 1940-இல் சி. சுந்தரம் என்பாருடன் சேர்ந்து அதுபற்றி நூலும் எழுதினார். துண்டுத் தாளின் துயரத்தை அவர் நன்கறிந்திருந்தார்.

விஞ்ஞான சஞ்சிகைகளின் போக்கோ தனி வகையானது. நூல் ஒருமுறை பிறக்கும். சஞ்சிகை பெயர் மாறும், பிரியும், மற்றொன்றோடு சேரும், சிலகாலம் உறங்கிப் பின் விழித்தெழுந்து தொகுதி எண்ணை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். இங்கிலாந்தின் பிலசாபிகல் மாகஸீன் இவ்வாறு பல வரிசைகளாக வந்தது. 1901 முதல் ஆறாம் வரிசை, 1926 முதல் ஏழாம் வரிசை. வரிசையோ ஆண்டோ குறியாமல் ஐந்தாந் தொகுதி என்று மட்டும் எழுதினால் எந்த ஐந்து என்பது எழுதியவருக்கே வெளிச்சம். 1934-இல் அரங்கநாதனார் வெளியிட்ட பகுப்பு நூற்பட்டி விதிநூலில் சஞ்சிகைகளின் இத்தகைய பிறழ்ச்சிகளை வகைப்படுத்தி, ஒவ்வொன்றையும் எப்படிப் பதிய வேண்டும் என விதித்தார். வந்த இதழைப் பதியவும், வாராத இதழை உடனே கண்டு கேட்டு வாங்கவும், பொருள்வழித் தேடவும் மூன்று அட்டைகள் கொண்ட முறையொன்றையும் அமைத்தார். குறிப்பு எத்துணைத் திருத்தமாயினும், குறித்த இதழ் நூலகத்துக்கு வாராதொழிந்தால் பயன் யாது? உரிய காலத்திற் கேளாத இதழ் பின்னர்க் கிடைப்பது அரிது.

திருத்தமான குறிப்பு எவ்வளவு சிறிதாயிருக்கலாம் என்பதற்கு நம் நாட்டுச் சான்றே காட்டுவோம். ராமன், இந்தியன் ஜர்னல் ஆப் பிசிக்ஸ், தொகுதி 2, பக்கம் 387, 1928 என்று எழுதினால் போதும். சென்னை இராஜதானிக் கலாசாலையின் பழைய மாணாக்கர் ஸர் சி. வி. ராமன் தாம் கண்ட புதிய ஒளிச்சிதறலை உலகுக்கு விரித்துரைத்த கட்டுரை கைக்கு வந்துவிடும். ஐந்தே உறுப்புகள். ஒன்று தவறினாலும் மற்றவை ஓரளவு காக்கும்; ஆண்டும் தொகுதியும் ஒன்றையொன்று சரிபார்க்கும். இதனாலன்றோ இரண்டையும் எழுதச் சொல்கிறார்கள்? மிகையென்று நாம் நகைத்தது நம் அறியாமை.

பெயர் என்னும் உறுப்புத்தான் நம்மவருக்குப் பெருந்தொல்லை. மேனாட்டார் பெயரில் ஈற்றுச்சொல் குடிப்பெயர். ஆகவே அதனை முன்னே வைத்து மற்றவற்றைப் பின்னே இட்டால் அகரவரிசை அமையும். தமிழர் பெயரிலோ முதலெழுத்து ஊரைக் குறிக்கும், அடுத்தது தந்தையைக் குறிக்கும், ஈற்றில் நிற்பது தம் பெயர். அல்லது அதற்கும் பின்னே சாதிப்பட்டம் வந்து நிற்கும். மேனாட்டு விதியை அப்படியே இங்குப் பொருத்தினால் சிவசாமி ஐயரும் சாமிநாதையரும் மற்றெல்லா ஐயரும் ஒரே சொல்லின்கீழ்க் குவிந்து கிடப்பர். நாயரும் செட்டியாரும் முதலியாரும் அவ்வாறே. தெலுங்கர் பெயரில் வீட்டுப்பெயர் முன்னே நிற்கும். அதற்கு இன்னொரு விதி வேண்டும். அரங்கநாதனார் இச்சிக்கலைப் பொருட்படுத்தாது விடவில்லை. பெயரிற் பொருளுள்ள சொல் எதுவோ, அம்மனிதரை வேறுபடுத்துவது எதுவோ அதுவே முன்னிற்றல் வேண்டும்; பட்டம் அதனோடு ஒட்டி நிற்கலாம், தனித்துத் தலைமை ஏற்றலாகாது; முதலெழுத்துகளும் அவற்றின் விரிவும் பிறைக்குறிக்குள் அடங்கும்; ஒரே பெயருடையார் இருவராயின் பிறந்த ஆண்டால் வேறுபடுத்துக. இதுவே அவர் முறையின் சாரம். மேனாட்டு விதிநூல்களை மொழிபெயர்த்து ஏற்பதே கற்றோர் வழக்கமாயிருந்த நாளில், சேப்பாக்கத்திலிருந்து ஒருவர், எம்மவர் பெயருக்கு எம்மவர் வழக்கே அளவுகோல் என்று விதி செய்தமை சிறிய காரியமன்று.

அத்தொல்லை இன்றும் ஒழியவில்லை. அடையாற்றுப் பக்கத்து ஆய்வுக்கூடமொன்றில் தமிழ்ச்செல்வி என்னும் மாணவி முதற் கட்டுரை அனுப்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். சஞ்சிகையின் படிவம் குடும்பப் பெயர் கேட்கிறது. அவளுக்குக் குடும்பப் பெயர் என ஒன்றில்லை. கட்டத்தை வெறிதாக விட்டால் படிவம் ஏலாது. ஆகவே தந்தை முருகேசனார் பெயரை இடுகிறாள். அன்று முதல் உலகெங்கும் அக்கட்டுரை முருகேசன் என்பவரால் எழுதப்பெற்றதாகவே சுட்டப்பெறும். தந்தை மகிழலாம். ஆனால் அடுத்த கட்டுரையில் அவள் வேறு விதமாக நிரப்பினால், பட்டியல்களில் ஒருத்தியே இருவராவாள். அவள் உழைப்பை எண்ணிப் பார்க்கும் குழுவினர் பாதியையே காண்பர். வேலைவாய்ப்பும் உதவித்தொகையும் இவ்வெண்ணிக்கையைத் தழுவி நிற்கும் இக்காலத்தில் இது வெறும் காற்புள்ளிச் சண்டையாகாது. 2012-இல் ஆர்க்கிட் என்னும் அமைப்பு ஆராய்ச்சியாளர் ஒவ்வொருவருக்கும் பதினாறு இலக்க எண் வழங்கத் தொடங்கியதும் இந்நோய்க்கு மருந்தாகவே. மாணாக்கர் தம் பெயரை எவ்வாறு எழுதுவது என்பதை முதற் கட்டுரைக்கு முன்னரே முடிவு செய்து, பின்னர் ஒருபோதும் மாற்றாதிருப்பது நலம்.

1945-இல் அரங்கநாதனார் சென்னையை விட்டுக் காசிக்கும், 1947-இல் தில்லிக்கும் சென்றார். அவ்வாண்டில் தோன்றிய இந்தியத் தரநிர்ணயக் கழகம், செங்கல்லுக்கும் இரும்புக்கும் அளவு வகுத்தது போலவே எழுத்துக்கும் அளவு வகுக்க ஒரு குழு அமைத்தது. ஆவணவியற் குழுவாகிய அதற்கு நெடுங்காலம் தலைமை வகித்தவர் இவரே. கழகத்தின் நிர்ணயங்களுள் நான்காம் எண்ணுடையது, ஆராய்ச்சி சஞ்சிகைகளின் அமைப்புமுறை பற்றியது, 1949-இல் வந்தது. நாடு விடுதலையடைந்து ஈராண்டில், ஆயிரம் பொருள்கள் அளவுக்குக் காத்திருந்தபோது, சஞ்சிகை நான்காம் இடம் பெற்றது நமக்கு இன்றும் வியப்பே. சஞ்சிகைப் பெயர்களைச் சுருக்கும் முறைக்கும் நிர்ணயம் எழுந்தது. 1963-இல் ஆதாரக் குறிப்புக்கென்றே 2381-ஆம் எண் நிர்ணயம் வெளிவந்தது. குறிப்பில் இன்றியமையா உறுப்பு எவை, இருந்தால் நலமாகிய துணை உறுப்பு எவை என அது பிரித்துரைக்கிறது. இப்பிரிவே இதன் உயிர்நிலை எனலாம். இன்றியமையாதது குன்றினால் வாசகர் வழி தவறுவார். துணை குன்றினால் சிறிது தடுமாறிச் சேர்ந்துவிடுவார். காற்புள்ளி இரண்டிலும் சேராது. சஞ்சிகைகள் காற்புள்ளிக்காகக் கட்டுரையைத் திருப்புவதும், இல்லாத பக்கத்தைக் கவனியாது அச்சிடுவதும் கண்டு நாம் வருந்தியதுண்டு.

உலகில் இப்போது வழங்கும் முறைகள் பெரும்பாலும் இரண்டு குடும்பங்களைச் சார்ந்தன. ஒன்று, ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் வாக்கியத்தின் நடுவே பிறைக்குறிக்குள் இடுவது. இதனை ஹார்வர்டு முறை என்பர். அச்சர்வகலாசாலையின் விலங்கியலறிஞர் எட்வர்டு மார்க் 1881-இல் ஓடில்லா நத்தையைப் பற்றி எழுதிய நெடுங்கட்டுரையில் இவ்வழியைக் கையாண்டார். நத்தை மறைந்தது, பிறைக்குறி நின்றது. மற்றொன்று, தோன்றும் வரிசைப்படி எண்ணிட்டு ஈற்றிற் பட்டியலிடுவது. மருத்துவ சஞ்சிகைகளின் ஆசிரியர்கள் 1978-இல் கனடாவின் வான்கூவர் நகரிற் கூடி இதனை ஒழுங்குபடுத்தியதால் அந்நகரின் பெயர் பெற்றது. முன்னதில் ஆண்டு கண்முன் நிற்பதால் கருத்தின் வயது உடனே தெரியும். பின்னதில் வாக்கியம் தடையின்றி ஓடும், ஆனால் நடுவே ஒரு குறிப்பைப் புகுத்தினால் எண் முழுவதும் நகரும். கையாற் செய்த நாளில் அதுவே பிழைகளின் பிறப்பிடமாயிற்று.

அரங்கநாதனார் தம் நூல்களில் வேறொரு வழி கண்டார். இயல், பகுதி, உட்பகுதி யாவற்றுக்கும் தசம முறையில் எண் இட்டார். நூலின் இறுதியிலுள்ள சொல்லடைவு பக்கத்தைச் சுட்டாது, பகுதி எண்ணையே சுட்டும். கட்டுரைகளின் ஆதாரப் பட்டியலிலோ, ஒவ்வொரு குறிப்புக்கும் முன்னே அஃது எப்பகுதிக்கு உரியது என்னும் எண் நிற்கும். பட்டியலிலிருந்தே கட்டுரைக்குத் திரும்பிச் செல்லலாம். பக்கம் என்பது அச்சகத்தாரின் காகித அளவால் அமைவது. பதிப்பு மாறினால் அதுவும் மாறும். பகுதியோ ஆசிரியரின் எண்ணத்தால் அமைவது. திருக்குறளை எண்ணாற் சுட்டும் தமிழருக்கு இது புதிதன்று. எப்பதிப்பை எடுத்தாலும் குறளெண் மாறுவதில்லை. ஆயினும் அவர் நூல்களை முதன்முறை திறப்போர் அவ்வெண்களின் காட்டைக் கண்டு மருளுவர் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. நாமும் மருண்டோம்.

அச்சேறாத ஏடுகளைச் சுட்டும் துன்பமும் சென்னையின் தென்பகுதியார் நன்கறிந்ததே. 1886-இல் நிறுவப்பெற்ற அடையாறு நூல் நிலையத்தின் ஓலைச்சுவடிகளுக்குப் பக்கமில்லை, பதிப்பாண்டில்லை. ஏட்டெண்ணும் நிலையத்தார் இட்ட எண்ணுமே துணை. ஒரே வடநூல் பத்து ஊர்களில் பத்துப் பெயரோடு கிடக்கும். அவற்றையெல்லாம் ஒருங்கு சேர்க்கும் பெரும்பட்டியைச் சென்னைச் சர்வகலாசாலை 1930-களில் மேற்கொண்டது. மகாமகோபாத்தியாயர் குப்புசாமி சாஸ்திரியாரும், குஞ்ஞன் ராஜாவும், பின்னர் வே. ராகவனும் அதற்கு உழைத்தனர். முதற்றொகுதி 1949-இல் வந்தது. சாஸ்திரியார் பெயரால் மயிலாப்பூரில் அமைந்த ஆராய்ச்சி நிலையத்துக்குச் செல்லும் மாணாக்கர், ஒரு சுருக்கக் குறியின் பின்னே எத்துணை ஊர்ப்பயணம் அடங்கியிருக்கிறது என்பதைக் கேட்டறியலாம்.

அரங்கநாதனார் தம் எழுபத்தைந்தாம் வயதில், 1967-இல், கணித மேதை இராமானுஜனைப் பற்றி ஒரு நூல் எழுதினார். இராமானுஜன் இவருக்கு ஐந்தாண்டு மூத்தவர். அம்மேதையின் குறிப்பேடுகளில் தேற்றங்கள் மலிந்திருக்கும்; நிறுவலும் இல்லை, ஆதாரமும் இல்லை. எது தாமே கண்டது, எது முன்னோர் கண்டது எனப் பிரித்தறியப் பிற்காலத்தார் பல்லாண்டு உழைக்க நேர்ந்தது. ஆயினும் அவர் வாழ்வில் திருப்பமாக அமைந்த ஒரு கடிதத்தில் திருத்தமான ஆதாரக் குறிப்பு ஒன்று உண்டு. 1913-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள், சென்னைத் துறைமுகக் கணக்கராக இருந்த அவர் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்கு எழுதியபோது, ஹார்டியின் நூலையும், முப்பத்தாறாம் பக்கத்தையும் சுட்டி, பகா எண்களின் தொகையைப் பற்றி அங்குக் கூறியதை எடுத்துக்காட்டி, அதற்குத் தம்மிடம் விடையுண்டு என்று தெரிவித்தார். முன்பின் அறியாத கணக்கரின் கடிதத்தைப் பெற்ற பேராசிரியர், தம் நூலையே எடுத்து அப்பக்கத்தைப் புரட்டிப் பார்த்திருக்கலாம். அவ்விடை முழுதும் சரியன்று எனப் பின்னர்த் தெரிந்தது. எனினும் எழுதியவர் நூலை ஊன்றிப் படித்தவர் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

இக்காலத்தில் பட்டியலை ஒழுங்குபடுத்தக் கணினி வந்துவிட்டது. ஜோட்டெரோ, மெண்டலே முதலிய கருவிகள் ஒரு முறையிலிருந்து மற்றொரு முறைக்கு நொடியில் மாற்றித் தருகின்றன. 2000-ஆம் ஆண்டு முதல் வழங்கும் நிலையான எண்மக் குறியீட்டெண் ஒவ்வொரு கட்டுரைக்கும் அமைந்து, அதனைத் தொட்டவுடன் கட்டுரை கண்முன் தோன்றுகிறது. தட்டச்சு நிலையத்தில் காத்திருந்த நமக்கு இது மாயமாகவே படுகிறது. ஆனால் உள்ளே இட்ட பிழையை அக்கருவி திருத்தாது. அழகாக அச்சிட்டுக் கொடுக்கும். அண்மையில் வந்த உரையாடும் இயந்திரங்களோ ஒருபடி மேற்சென்று, இல்லாத ஆசிரியரையும் எழுதாத கட்டுரையையும், தொகுதி பக்கம் ஆண்டு எல்லாம் பொருந்த, கற்பித்தே தந்துவிடுகின்றன. காற்புள்ளி அணுவளவும் பிசகாது. நாம் முப்பத்தெட்டில் ஒன்றைப் படியாமல் எழுதினோம். முப்பத்தெட்டையும் படியாமல் எழுதும் வசதி இப்போது கிடைத்திருக்கிறது. சென்ற ஆண்டு நம்மிடம் ஒரு மாணாக்கர் காட்டிய பட்டியலில் மூன்று குறிப்புகளை எந்த நூலகத்திலும் காண இயலவில்லை. கேட்டபோது தலைகுனிந்தார். நம் பழைய ஜெர்மானியக் கட்டுரைக் கதையை அவருக்குச் சொன்னோம்.

அரங்கநாதனாரின் பிற்கால வாழ்க்கையைச் சுருங்கச் சொல்லி முடிப்போம். 1948-இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியதில் அவர் முயற்சிக்குப் பெரும்பங்குண்டு. 1950-களில் சூரிச் நகரில் சிலகாலம் தங்கி எழுதினார். வாழ்நாளிற் சேர்த்த ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைச் சர்வகலாசாலைக்கு அளித்து, நூலக விஞ்ஞானப் பேராசிரியர் பதவியொன்றை மனைவியார் பெயரையும் சேர்த்து நிறுவச் செய்தார். 1957-இல் பத்மஸ்ரீ விருதும், 1965-இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் பதவியும் வந்தன. 1962-இல் பெங்களூரில் ஆவண ஆராய்ச்சிப் பயிற்சி நிலையம் தொடங்கினார். அந்நகரிலேயே 1972-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் நாள் காலமானார்.

அவர் பிறந்த நாளை நாட்டின் நூலகர்கள் ஆகஸ்டு 12-இல் கொண்டாடுகின்றனர். சில நூல்களில் ஆகஸ்டு 9 என்றும் காண்கிறோம். இக்கட்டுரைக்காக நாம் முதலில் எடுத்த புத்தகத்தில் பன்னிரண்டே இருந்தது. அதனையே பெயர்த்தெழுதவும் தொடங்கினோம். பின்னர் எழுந்து சென்று ஐந்து விதிகள் நூலைத் தேடி எடுத்தோம். அதில் அவரே ஒன்பது என்றுதான் குறித்திருக்கிறார். நூற்பட்டி அட்டையில் அவர் பெயரைப் பதிவோருக்கோ இவ்வையம் எழாது. அவர் வகுத்த விதிப்படி, அரங்கநாதன் என்பதை முன்னே எழுதி, சீர்காழி இராமாமிர்த என்பதைப் பிறைக்குறிக்குள் இட்டு, 1892 என்று ஆண்டை மட்டும் குறித்தால் போதும்.